வெற்றியின் விகிதம்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், கிரீன்வில் நகரை ஒட்டி, பிராண்டன் மில் என்று ஒரு பஞ்சாலை இருந்தது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் ஆலை வேலைக்குப் போய், எழுதப் படிக்கக் கற்கும் பாக்கியத்தை இழந்து, பதின்மூன்றாம் வயதில் அந்த ஆலையின் பேஸ்பால் அணியில் இடம்பெற்ற ஜோ ஜாக்சன், பிற்காலத்தில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் என்ற பெரிய அணிக்கு ஆடி, அத்தேசத்தின் தலைசிறந்த மட்டையாளர்களுள் ஒருவராக விளங்கினார். அக்காலத்தில் அந்தப் பிரதேசத்துப் பஞ்சாலைகள் பலவற்றுக்கும் சொந்த அணி உண்டு. சனிக்கிழமை வந்தால் ஆலைக் குடியிருப்பே மைதானத்தில் திரண்டுவிடும். ஜாக்சனுக்கு எழுத்து தெரியாது என்றாலும், அவர் மட்டை பிடித்த ஒவ்வொரு தருணத்தையும் மற்றவர்கள் எழுதி வைத்தார்கள். ஆகையினால்தான் நூறாண்டு கழித்தும், ஆயிரம் வாய்ப்புக்கு 356 என்ற கணக்கில் அவர் அடித்து நிலைத்தார் என்று நம்மால் சொல்ல முடிகிறது. ஆட்டத்தை எழுதி வைக்கும் இந்த வழக்கம், எழுதியதைக் கூட்டிப் பார்க்கும் வழக்கமாகி, கூட்டியதைக் கொண்டு நாளைய ஆட்டத்தில் வெல்லப்போவது யார் என்று அனுமானிக்கும் ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்த வரலாறு, பருத்தியால் எழுந்த வேறோர் ஊரில், அதாவது நமது திருப்பூரில், வாழ்பவர்களுக்கும் உரியது என்பது என் அபிப்பிராயம்.

நொய்யல் கரையில் பருத்திச் சந்தையும் ஜின்னிங் ஆலைகளுமாக இருந்த திருப்பூரில், 1925-ஆம் ஆண்டு, கல்கத்தாவில் பின்னல் இயந்திரங்களைக் கண்டு வந்த குலாம் காதர் முதல் பனியன் தொழிலகத்தைத் தொடங்கினார் என்பர். 1930-களில் பைக்காரா மின்சாரம் கொங்கு நாட்டுக்கு வந்தது. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வெள்ளைப் பனியன் தேடி வந்ததிலிருந்து ஏற்றுமதி தொடங்கியது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. 2009-இல் ஊர் ஒரு மாவட்டத்தின் தலைநகரமாயிற்று. இந்தக் காலப் பகுதியில் இயந்திரங்கள் மாறிய விதத்தை எல்லோரும் சொல்வார்கள். கணக்கு மாறிய விதமும் அதற்குக் குறையாத விசேஷம் உடையது. சாய்வு மேசைக்கு முன் சம்மணமிட்டு அமர்ந்து சிட்டையிலிருந்து நாள்வழிக்கும், நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கும் தொகைகளை ஏற்றிய கணக்குப்பிள்ளையின் இடத்தில், இன்று ஒவ்வொரு பனியன் கம்பெனியிலும் மெர்ச்சண்டைசர் ஒருவர் கணினித் திரையில் கட்டம் போட்ட தாளோடு அமர்ந்திருக்கிறார். நூல் விலை ஒரு கட்டத்தில், நிட்டிங் கூலி ஒரு கட்டத்தில், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், வெட்டித் தைத்து முடிக்கும் கூலியான சி.எம்.டி., டாலர் மதிப்பு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நிரப்பி, கிலோ நூலுக்குப் பத்து ரூபாய் ஏறினால் என்ன ஆகும் என்று முதல் கட்டத்தை மாற்றினால், கடைசிக் கட்டத்தில் பீஸ் விலை தானாகவே மாறி நிற்கிறது.

இந்த வசதி பழமையானதன்று. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராயிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் எழுதிய அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றியதும், அதைச் சார்ந்த எண்கள் அத்தனையையும் ஆசிரியர் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டு, அந்த வேலையை இயந்திரமே செய்தால் என்ன என்று எண்ணி, பாப் பிராங்ஸ்டன் என்ற நண்பரோடு சேர்ந்து 1979-இல் விசிகால்க் என்ற நிரலை வெளியிட்டார். லோட்டஸும் எக்செலும் அதன் வழித்தோன்றல்கள். பஞ்சு விலைக்கும் பந்தாட்டத்துக்கும் அந்தத் தாள் பேதம் பார்ப்பதில்லை. கட்டங்களில் எழுதும் பழக்கம் மட்டும் வேண்டும். அந்தப் பழக்கம் திருப்பூரில் எந்தத் தெருவிலும் உண்டு.

ஆட்டத்தைக் கட்டங்களில் எழுதும் வழக்கத்தைப் பேஸ்பாலுக்குத் தந்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, பன்னிரண்டாம் வயதில் புரூக்ளினுக்கு வந்து, நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிவந்த அவர், பேஸ்பாலின் அழகில் மனம் பறிகொடுத்து, கிரிக்கெட்டின் ஸ்கோர் அட்டையை மாதிரியாகக் கொண்டு 1859-இல் ஓர் ஆட்டத்தின் முழு விவரத்தையும் சிறு அட்டவணைக்குள் அடக்கினார். ஆகவே கிரிக்கெட்டை அறிந்த தமிழர்க்குப் பேஸ்பால் கணக்கு அந்நியமன்று. இரண்டும் ஒரே பேரேட்டின் வேறு வேறு பக்கங்கள்.

அந்த அட்டவணையிலிருந்து பிறந்தது வெற்றி விகிதம். வென்ற ஆட்டங்களை ஆடிய ஆட்டங்களால் வகுப்பது, அவ்வளவுதான். நூற்றுக்கு அறுபது வென்ற அணிக்கு 0.600, நாற்பது வென்ற அணிக்கு 0.400. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் ரசிகர்களும் பத்திரிகைகளும் இந்த எண்ணோடு திருப்தியடைந்தார்கள். ஆயினும் இந்த எண்ணுக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இந்த இரு அணிகளும் நாளை மோதினால், முதல் அணி வெல்லும் சாத்தியம் என்ன? நூற்றுக்கு அறுபது என்று சட்டென்று விடை வரும். அது தவறான விடை. அறுபது என்பது நடுத்தரமான எதிரிகளைச் சந்தித்துப் பெற்ற எண். நாளை வருகிறவரோ நடுத்தரத்துக்கும் கீழ்ப்பட்டவர். எவரை எதிர்த்து வென்றாய் என்று கேட்காமல் ஒருவருடைய வெற்றிகளை எண்ணுவதில் பிரயோஜனம் இல்லை. இந்த வரலாறு முழுவதிலும் நான் முக்கியமாகக் கருதும் விஷயம் இதுவே.

இதற்குச் சரியான விடையைச் சாமானிய ரசிகர்களின் கையில் சேர்த்தவர் ஒரு காவற்காரர். கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், பன்றி இறைச்சியையும் அவரையையும் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவல் வேலை பார்த்துக்கொண்டு, நைட் ஷிப்டின் நீண்ட நிசப்தத்தில் பேஸ்பால் அட்டவணைகளைப் புரட்டிக் கூட்டியும் வகுத்தும் பார்த்த பில் ஜேம்ஸ், 1977-இல் தம் முடிவுகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். 68 பக்கமுள்ள அந்த வெளியீடு 75 பிரதிகள் விற்றது. பல்கலைக்கழகப் பீடத்திலிருந்தோ, அணி உரிமையாளர்களின் மாளிகையிலிருந்தோ வராமல், ஷிப்டு முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும் ஒரு தொழிலாளியிடமிருந்து இந்த அறிவு வந்தது என்பதைப் படிக்கும்போதெல்லாம், ஒன்றரை ஷிப்டு வேலை பார்த்துவிட்டு டீக்கடை பெஞ்சில் அணிகளின் பலாபலத்தை அலசும் நம் ஊர் இளைஞர்களை நினைத்து எனக்குப் பெருமிதமும் நம்பிக்கையும் உண்டாகின்றன. தொடர்ந்து ஆண்டுதோறும் அந்நூலை வெளியிட்டுவந்த ஜேம்ஸ், 1981-இல் இரண்டு அணிகளின் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் சூத்திரத்தைத் தந்தார். அதற்கு லாக்5 என்று பெயர்.

பெயர் மிரட்டினாலும் சூத்திரம் எளியது. ஒவ்வோர் அணியும் வென்ற எண்ணிக்கையைத் தோற்ற எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அறுபது வென்று நாற்பது தோற்ற அணிக்கு 1.5; நாற்பது வென்று அறுபது தோற்ற அணிக்கு 0.667. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 2.25. அதாவது இரண்டாவது அணியின் ஒரு வெற்றிக்கு முதல் அணிக்கு இரண்டே கால் வெற்றி. மொத்தம் மூன்றே காலில் இரண்டே கால் என்பது நூற்றுக்கு 69. அறுபது என்று நினைத்த இடத்தில் அறுபத்தொன்பது வந்து நிற்கிறது. தாளில் இதற்கு வேண்டியவை வெற்றிக்கு ஒரு பத்தி, தோல்விக்கு ஒரு பத்தி, இரண்டின் ஈவுக்கு ஒரு பத்தி, பிறகு அணிகளின் பெயர்களை மேலே குறுக்காகவும் இடப்பக்கம் நெடுக்காகவும் எழுதிய ஒரு சதுரம். ஒரு கட்டத்தில் சூத்திரத்தை எழுதி இழுத்துவிட்டால், எந்த அணி எந்த அணியை வெல்லும் சாத்தியம் எவ்வளவு என்று சதுரம் முழுதும் நிரம்பிவிடும்.

இந்தச் சூத்திரத்துக்கு ஜேம்ஸ் அறியாத முன்னோர்கள் உண்டு. ஜெர்மானியக் கணித மேதை ஏர்ன்ஸ்ட் செர்மெலோ, சதுரங்கப் போட்டிகளில் எல்லோரும் எல்லோரோடும் ஆடி முடிக்காத சந்தர்ப்பத்தில் ஆட்டக்காரர்களை எப்படித் தரவரிசைப்படுத்துவது என்ற பிரச்சினைக்கு 1929-இல் இதே விகித முறையைக் கண்டார். 1952-இல் பிராட்லி, டெர்ரி என்ற புள்ளியியலாளர்கள், உணவுப் பண்டங்களை இரண்டிரண்டாகச் சுவைத்து மேலானதைச் சொல்லும் பரிசோதனைகளுக்காக, செர்மெலோவை அறியாமலே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஆர்பாட் ஈலோ வகுத்த சதுரங்கத் தரமதிப்பு முறையை 1960-இல் அமெரிக்கச் சங்கமும், 1970-இல் உலகச் சங்கமும் ஏற்றன. இன்று அந்த முறையில் நானூறு புள்ளி வித்தியாசம் என்றால், மேலானவருக்கு மற்றவரைவிடப் பத்து மடங்கு வெற்றி வாய்ப்பு. 1961-இல் மானுவல் ஆரன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனது முதல், 1988-இல் ஆனந்த் கிராண்ட்மாஸ்டராகி, 2024-இல் குகேஷ் உலகச் சாம்பியனானது வரை தமிழ்நாடு சதுரங்கத்தில் ஊறிய நாடு. பிள்ளையைப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் தாய்மார்களும் எதிராளியின் ரேட்டிங்கைக் கேட்டுவிட்டுத்தான் பெஞ்சில் அமர்கிறார்கள். அவர்கள் மனத்தில் ஓடும் கணக்கும் ஜேம்ஸின் கணக்கும் ஒன்றேதான். உடுத்திய உடை வேறு.

பேஸ்பால் சரித்திரத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஏற்ற ஆண்டு 1906. சிகாகோ கப்ஸ் அணி அவ்வாண்டு 116 ஆட்டங்களில் வென்று 36-இல் மட்டுமே தோற்றது. அதே நகரத்து ஒயிட் சாக்ஸ் அணி, மட்டை பலம் இல்லாத அணி என்று பெயர் வாங்கியிருந்தும், 93 வென்று 58 தோற்றது. இரண்டும் பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் சந்தித்தன. முன்னதன் ஈவு 3.22, பின்னதன் ஈவு 1.60, ஆகவே ஒவ்வோர் ஆட்டத்திலும் கப்ஸ் வெல்லும் சாத்தியம் மூன்றில் இரண்டு. வென்றதோ ஒயிட் சாக்ஸ், நான்குக்கு இரண்டு என்று. இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வேறொரு காரணமும் கவனிக்கத் தக்கது. அந்த இரு அணிகளும் வெவ்வேறு லீக்கைச் சேர்ந்தவை. பருவம் முழுவதும் அவற்றுக்குப் பொதுவான எதிரி ஒன்றுகூட இருந்ததில்லை. கப்ஸ் வென்ற 116 எத்தகையோரை வென்ற 116 என்பதை ஒயிட் சாக்ஸின் கணக்கோடு ஒப்பிட வழியே இல்லாதபோது, இரண்டு ஈவுகளையும் ஒரே தராசில் நிறுத்துவது அவ்வளவு நியாயமாகாது.

கணக்கு நிற்பதற்கு இன்னொரு அஸ்திவாரமும் வேண்டும். 1919 உலகத் தொடரில், வெல்லும் என்று யாவரும் எதிர்பார்த்த அதே ஒயிட் சாக்ஸ் தோற்றது. தோற்பதற்காகச் சூதாடிகளிடம் பணம் வாங்கியதாக அவ்வணியின் ஆட்டக்காரர் எட்டுப் பேர்மீது பழி வந்து, நீதிமன்றம் விடுவித்த பிறகும், 1921-இல் அவர்கள் ஆயுள் முழுதும் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்களுள் ஜோ ஜாக்சனும் ஒருவர். அத்தொடரில் அவருடைய அடி விகிதம் 0.375, அவர் மனமறிந்து தோற்க ஆடினாரா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இரு பக்கத்தாரும் வெல்லவே ஆடுகிறார்கள் என்ற நம்பிக்கை பழுதுபட்டால், எத்தனை நுட்பமான தாளும் குப்பைதான்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். ஜேம்ஸுக்கு ஒரு பருவத்தில் அணி ஒன்றுக்கு 162 ஆட்டங்கள் கிடைத்தன. தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் எட்டு அணிகள் ஒவ்வொன்றும் மற்ற ஏழோடு ஒரு முறை மோதும். ஆக ஏழே ஆட்டங்கள். இவ்வளவு சிறிய மாதிரியிலிருந்து என்ன சொல்ல முடியும், எதைச் சொல்லக்கூடாது என்பதில் திருப்பூருக்கு எந்த ஊரையும்விட அனுபவம் அதிகம் என்று துணிந்து சொல்வேன்.

ஏற்றுமதிச் சரக்கு கப்பலேறுமுன் நடக்கும் இறுதிப் பரிசோதனையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மூவாயிரம் பனியன் அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக் கிடக்கும். வாங்குபவரின் ஆய்வாளர் வந்து, தாம் விரும்பிய பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, 125 பீஸ்களை உருவி மேசையில் பரப்புவார். டேப்பை வைத்து மார்பளவும் நீளமும் எடுத்து, தோள் தையலை இரு கையாலும் இழுத்துப் பார்த்து, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளை தேடி, எண்ணெய்க் கறை, நிற வேறுபாடு, தையல் விட்ட இடம் என்று ஒவ்வொன்றையும் மேஜர், மைனர் எனக் குறித்துக்கொண்டே போவார். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 என்ற அளவில் மேஜர் குறையுள்ளவை ஏழு வரை இருந்தால் சரக்கு பாஸ். எட்டாவது அகப்பட்டால் மொத்தமும் ஃபெயில். பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் டாட்ஜும் ரோமிக்கும் வகுத்த மாதிரியெடுப்பு முறைகளிலிருந்து வளர்ந்து, அமெரிக்க இராணுவம் 1950-இல் தரவிதியாக வெளியிட்ட அட்டவணையின் வம்சம் இது. மகாலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் முயற்சியால் 1947–48-இல் அதே பெல் ஆய்வுக்கூடத்து ஷீவார்ட் இந்தியாவுக்கு வந்து தரக் கட்டுப்பாட்டு இயலைப் போதித்ததும், 1950-களில் கோயம்புத்தூரில் அமைந்த சிட்ரா ஆராய்ச்சி நிலையம் நூற்பாலைகளுக்குள் அந்த இயலைக் கொண்டுசென்றதும் அதே பரம்பரையின் கிளைகள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்பங்கரைக்குப் போதும்; மூவாயிரம் பனியனுக்கு 125 வேண்டியிருக்கிறது, அப்போதும் தவறு நேரும் என்பதை அட்டவணையே ஒப்புக்கொள்கிறது. நல்ல சரக்கும் சில வேளை ஃபெயில் ஆகும். மோசமான சரக்கும் சில வேளை கப்பலேறிவிடும். இந்த இருவகை அபாயங்களும் எவ்வளவு என்று முன்னதாகவே கணித்து வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வதுதான் அம்முறையின் விவேகம்.

இனி லீக்குக்குத் திரும்புவோம். 2016-இல் அது தொடங்கியபோது காரைக்குடியின் பெயரைத் தாங்கியிருந்து, பிறகு திருப்பூருக்கு மாறிய அணி, திருப்பூர் தமிழன்ஸ். 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில், சாய் கிஷோரின் தலைமையில், லீக் சுற்றின் ஏழு ஆட்டங்களில் ஐந்தில் வென்று இரண்டாம் இடம் பெற்றது. முதலிடம் பெற்ற சேப்பாக் சூப்பர் கில்லீஸ், திருப்பூர் உட்பட ஏழு அணிகளையும் வென்றிருந்தது. இரண்டும் முதல் தகுதிச் சுற்றில் சந்திக்கவிருந்த நாளுக்கு முன்தினம் ஒருவர் ஜேம்ஸின் சூத்திரத்தைத் தாளில் எழுதியிருந்தால், பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று கணினி பிழை காட்டியிருக்கும்; தோல்வியே காணாத அணிக்கு ஈவு என்பதே கிடையாது. கையால் போட்டால், சேப்பாக் வெல்வது நூற்றுக்கு நூறு என்று வரும். ஏழு ஆட்டத்தை வைத்துக்கொண்டு நிச்சயம் என்ற சொல்லை உச்சரிப்பது அறிவுக்கு ஒவ்வாது என்பதை, 125 பீஸில் ஒரு குறையும் அகப்படாத சரக்கிலும் மீதிப் பெட்டிகளில் பழுது இருக்கக்கூடும் என்று அறிந்த செக்கிங் மேஸ்திரி உடனே சொல்லிவிடுவார்.

இதற்குப் பரிகாரம் பிரெஞ்சு மேதை லாப்லாஸ் சொன்னது. இதுவரை தவறாமல் உதித்த சூரியன் நாளையும் உதிக்கும் சாத்தியத்தைக் கணிக்க அவர் 1814-இல் எடுத்துக்காட்டிய விதிப்படி, நடந்த கணக்கோடு ஒரு வெற்றியையும் ஒரு தோல்வியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போது சேப்பாக்குக்கு எட்டு வெற்றி, ஒரு தோல்வி; ஈவு 8. திருப்பூருக்கு ஆறு வெற்றி, மூன்று தோல்வி, ஈவு 2. எட்டை இரண்டால் வகுக்க, நாலுக்கு ஒன்று. சேப்பாக்குக்கு நூற்றுக்கு 80, திருப்பூருக்கு 20. 162 ஆட்டம் ஆடுகிற பேஸ்பால் அணிக்கு இந்த ஒன்றைக் கூட்டுவதால் ஏற்படும் மாற்றம் அற்பம். ஏழு ஆடுகிறவனுக்கு அது நூறிலிருந்து எண்பதுக்கு இறக்கிவிடுகிறது. 1906-இன் குறையும் இங்கே இல்லை. எட்டு அணிகளும் ஒருவரையொருவர் சந்தித்துவிட்டதால், எவரை வென்றாய் என்ற கேள்விக்கு இங்கே எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே பதில் இருந்தது.

அந்த ஆட்டத்தில் திருப்பூர் 79 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஆகவே கணக்கு பொய்த்தது என்று கைகொட்டுவோர் உண்டு. அது சரியான நியாயமன்று. ஐந்தில் ஒன்று என்பது நடக்காது என்று பொருள்படாது. ஐந்து முறையில் ஒரு முறை நடக்கும் என்றே பொருள்படும். எண்பது என்று குறித்த ஆட்டங்கள் நூறு சேர்ந்த பிறகு, அவற்றில் எண்பதை ஒட்டி உயர்ந்த அணி வென்றிருக்கிறதா என்று பார்ப்பதே சோதனை. ஒரு சரக்கு ஃபெயில் ஆனதற்காக யாரும் அட்டவணையைக் கிழித்தெறிவதில்லை.

பேஸ்பாலில் வழங்கும் மற்றொரு கணக்கையும் இங்கே பொருத்த முயன்றவர்கள் இருக்கிறார்கள். எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்து வெற்றி விகிதம் காண்பது அது. அதுவும் ஜேம்ஸ் தந்ததே. கிரிக்கெட்டில் இலக்கை எட்டியவுடன் பின்னாடுபவர் மட்டையைக் கீழே வைத்துவிடுவதால் ரன் வித்தியாசம் அவருடைய பலத்தைக் குறைத்துக் காட்டும். ஆகையால் அதை அப்படியே எடுத்தாள்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

2025 ஜூலை 6 அன்று திண்டுக்கல்லில் நடந்த இறுதி ஆட்டத்தில் திருப்பூர், திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன் வித்தியாசத்தில் வென்று முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது. சேப்பாக்கோ, திருப்பூரிடம் தோற்ற பின், இரண்டாம் தகுதிச் சுற்றில் திண்டுக்கல்லிடமும் தோற்று வெளியேறியிருந்தது. பருவம் முடிந்தபின் தாளைத் திறந்து கடைசிக் கட்டங்களையும் நிரப்பினால், திருப்பூருக்கு ஒன்பது ஆட்டத்தில் ஏழு வெற்றி, இரண்டு தோல்வி. சேப்பாக்குக்கும் அதே ஒன்பதில் ஏழும் இரண்டும். அடுத்த முறை இவ்விரு அணிகளும் சந்திக்கும்போது சூத்திரம் சரிபாதி என்றே சொல்லும். ஆனால் ஆட்டக்காரர்கள் ஏலத்தில் கைமாறக்கூடிய லீக்கில், சென்ற ஆண்டின் ஏழும் இரண்டும் யாருடைய ஏழும் இரண்டும் என்ற கேள்வி எழுவதால், பழைய எண்களுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது, புதிய ஆட்டம் ஒவ்வொன்றும் வந்து சேரும்போது பழையதை எவ்வளவு வேகத்தில் கழித்துக்கொண்டு வருவது என்பதற்கு, தாளில் இன்னும் ஒரு பத்தி சேர்க்க வேண்டியிருக்கிறது.